4000 அடி இல்லாத 'நாலாயிரத்தார்'

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே இருக்கும் அடிரான்டாக் மலைகளில் 46 சிகரங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அத்தனையும் ஏறி முடித்தால் 'ஃபார்ட்டி சிக்ஸர்ஸ்' சங்கம் உங்களுக்கு ஒரு எண் கொடுக்கும். அப்படி எண் வாங்கியவர்கள் பத்தாயிரம் பேரைத் தாண்டிவிட்டார்கள். பட்டியலில் இடம்பெற 4000 அடியாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. நாங்கள் இந்தக் கோடையில் ஏறிய கவுச்சக்ராகாவோ 3820 அடிதான்.

1918இல் பாப் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் என்ற இரு சகோதரர்கள், மீசை அரும்பும் வயசில், ஹெர்பர்ட் கிளார்க் என்ற வழிகாட்டியோடு ஏறத் தொடங்கினார்கள். 1925இல் 46ஐயும் முடித்தார்கள். அவர்கள் நம்பியது அந்தக் காலத்து வரைபடங்களை. பின்னால் சரியாக அளந்தபோது பிளேக், கிளிஃப், நை, கவுச்சக்ராகா நான்கும் 4000 தேறவில்லை. 4000 அடி என்று பிறகு ஒரு வரைபடம் காட்டிய மெக்நாட்டன் மலைக்கோ உள்ளே இடமில்லை. சங்கம் பட்டியலைத் தொடவே இல்லை. அவர்கள் மூவரும் ஏறியது எதுவோ, நீயும் அதை ஏறு.

எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். கூட வந்த அண்ணனுக்குப் பிடிக்காது. "தப்புன்னு தெரிஞ்சப்புறமும் ஏன்ப்பா வச்சிருக்காங்க?" என்று ஏறும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

நியூகோம் பக்கம் காரை நிறுத்திவிட்டு முதலில் சரளைக்கல் சாலையில் நடை, பிறகு பிராட்லி குளத்துப் பாதை. அதிலிருந்து பிரிந்து பேந்தர் ஓடையை ஒட்டிப் போவது அதிகாரபூர்வப் பாதை கிடையாது. ஆள் நடந்து நடந்து உண்டான தடம். மேலே மூன்று தடங்கள் கூடும் இடத்துக்கு 'டைம்ஸ் ஸ்கொயர்' என்று பெயர். ஊசியிலை மரங்களும் கொசுவும் தவிர அங்கே எதுவும் இல்லை.

கவுச்சக்ராகாவுக்கு அங்கிருந்து இறங்க வேண்டும். சிகரத்துக்குப் போக இறங்குவது எரிச்சல். திரும்பும்போது அதே உயரத்தை மறுபடி ஏற வேண்டுமே என்ற நினைப்பு அதைவிட எரிச்சல். பள்ளத்தில் சதுப்பு. நாற்று நடத் தயாராக்கிய வயல்போல கறுப்புச் சேறு. குறுக்கே யாரோ போட்ட மரத்துண்டுகள், பாதி மிதந்தபடி. கைத்தடியை ஊன்றினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது நுனியில் மாட்டியிருந்த ரப்பர் மூடி வரவில்லை. அண்ணன் ஒரு கட்டையில் கால் வைக்க, அதன் மறுமுனை நிதானமாக எழும்பியது.

உச்சியில் மரத்தில் அடித்த சின்னப் பலகை. காட்சி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக இல்லை. புளியோதரையைப் பிரித்தோம். பக்கத்தில் ஒரு வயதான அம்மா முழங்காலில் நோட்டை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பக்கமாம். அந்த வழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1937இல் 46ஐயும் முடித்த முதல் பெண் கிரேஸ் ஹுடோவால்ஸ்கி. சங்கத்தின் வரலாற்றாளராக இருந்த காலத்தில், ஏறுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும் என்பார். வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு உட்கார்ந்து பதிலும் எழுதினார். 2014இல் ஈஸ்ட் டிக்ஸ் மலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தன்னிடமும் அவருடைய பதில் ஒன்று இருப்பதாக அந்த அம்மா சொன்னார். அண்ணன் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கேள்வி கேட்கவில்லை.

திரும்பி ஏறி, பேந்தர் சிகரத்தையும் தொட்டுவிட்டு இறங்கினோம். பக்கத்துச் சிகரமான சான்டனோனிக்கு வெளிச்சம் போதவில்லை. அதற்காக இந்த நடை முழுவதையும் இன்னொரு நாள் நடக்க வேண்டும். அது 4607 அடி. அந்த விஷயத்திலாவது அண்ணனுக்குப் புகார் இருக்காது.