ஒரே 'ஆல்', ஆங்கிலத்தில் இரண்டு வழி

பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிய யாருக்கும் அதன் முதல் வரி மறக்காது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' அந்த வரியில் பிழையே இல்லை. வேலைக்குப் போனபின் 'ஆஸ்' பழைய பாணியாகத் தோன்றுகிறது. அதை எடுத்துவிட்டு 'டியூ டு ஐ ஆம் சஃபரிங்...' என்று மெயில் போடும்போதுதான் வாக்கியம் உடைகிறது.

இதற்கு வேர் நம் 'ஆல்' உருபில் இருக்கிறது. 'மழையால் ஆட்டம் நின்றது', 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' இரண்டுக்கும் அதே உருபுதான். 'பெய்தது' என்று வினையைப் பெயராக்கி, அதன் வாலில் 'ஆல்' ஒட்டிவிடுகிறோம். அதனால் காரணம் ஒற்றைப் பெயரா, முழு வாக்கியமா என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆங்கிலமோ இணைப்புச் சொல்லை முன்னால் வைக்கிறது. அதனால் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். வெறும் பெயர் என்றால் 'பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்', 'டியூ டு தி ரெய்ன்'. எழுவாயும் காலம் காட்டும் வினையும் வந்தால் 'பிகாஸ் இட் ரெய்ன்ட்'. சின்ஸ், ஆஸ் இரண்டும் பிகாஸ் பக்கம்.

ஆனால் 'ஏன்?' என்று கேட்டால் பதில் பிகாஸில்தான் தொடங்கும், சின்ஸில் அல்ல. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்கே சின்ஸ் பொருந்தும். 'சின்ஸ் ஹி லெஃப்ட்' என்பதை 'அவர் போனதிலிருந்து' என்றும் படிக்கலாம், 'போனதால்' என்றும் படிக்கலாம். குழப்பம் வரும் இடத்தில் தயங்காமல் பிகாஸ் போடுங்கள்.

முரணிலும் இதே கணக்குதான். ஆல்தோவுக்குப் பின் முழு வாக்கியம்; டிஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் இரண்டுக்கும் பின் பெயர் அல்லது 'இங்' வடிவம். 'டிஸ்பைட் ஆஃப்' கிடையாது; அந்த 'ஆஃப்' இன் ஸ்பைட்டோடு மட்டும் வரும். 'ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஹி கேம்' என்று எழுதுபவர்கள் நிறைய. 'மழை பெய்தாலும் ஆனால் வந்தான்' என்று தமிழில் சொல்வோமா? இரண்டில் ஒன்று போதும். பழைய இலக்கணப் புத்தகங்களில் 'தோ... யெட்' என்ற ஜோடி உண்டு, அது வேறு. பட் அந்த இடத்தில் ஒருபோதும் வராது. ஹவெவர் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி.

நோக்கத்தைச் சொல்லும்போதுதான் பொருளே மாறிப்போகிறது. 'காய் வாங்குவதற்காகக் கடைக்குப் போனேன்' என்பதை 'ஃபார் பையிங்' என்று எழுதுவது நம் 'காக'வின் வேலை; அங்கே 'டு பை' போதும். 'ஃபார்' கூட 'இங்' சேர்வது ஒரு பொருளின் பயனைச் சொல்ல: காய் நறுக்கும் கத்தி, 'எ நைஃப் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்'. இன்னொன்று: 'பையன் படிக்க லைட்டைப் போட்டேன்.' இதை 'ஐ ஸ்விட்ச்ட் ஆன் தி லைட் டு ரீட்' என்றால் படித்தது பையன் அல்ல, நான்! வெறும் 'டு' வந்தால் இரண்டு வினைக்கும் ஒரே ஆள். ஆள் மாறினால் 'ஸோ தட் தி பாய் குட் ரீட்'. முதல் வினை இறந்தகாலம் என்பதால் குட். நிகழ்காலமாக இருந்தால் கேன். 'தட்'டை விட்டு, காற்புள்ளி போட்டு 'ஸோ' மட்டும் எழுதினால் அது நோக்கமாக இல்லாமல் விளைவாகிவிடும்.

'விழாமல் இருக்க மெதுவாக நடந்தேன்' போன்ற எதிர்மறைக்கு 'ஸோ ஆஸ் நாட் டு ஃபால்'. வெறும் 'நாட் டு ஃபால்' அங்கே நிற்காது.

'இன் கேஸ்' பற்றியும் சொல்லியாக வேண்டும். 'இஃப்' வர வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போடுகிறார்கள். 'டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்தால்தான் குடை. 'இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால், 'மழை வந்தாலும் வரும், கையில் இருக்கட்டும்' என்று வானம் வெளுத்திருக்கும்போதே எடுத்துக்கொண்டு கிளம்புவது.