ஆட்கொணர்வுக் கேள்வியில் நான் விட்ட பிழை

இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சையில் ஆட்கொணர்வு எழுத்தாணை, அதாவது சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவரச் சொல்லும் கட்டளை, வந்தால் விடமாட்டேன் என்று காத்திருந்தேன். வந்தது. மேல் நீதிமன்றம் தண்டித்து இரண்டு வருடமாக வெலிக்கடைச் சிறையில் இருக்கும் ஒருவரின் மனைவி ஆலோசனை கேட்கிறார். நான் அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை, 1937இன் பிரேஸ்கேர்டில் வழக்கு என்று நாலு பக்கம் எழுதி, உடனே ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்று முடித்தேன். தாள் தவறிவிட்டது.

எங்கே பிழைத்தேன் என்பது கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சீனியர் சட்டத்தரணியிடம் பயிற்சிக்குப் போனபோதுதான் விளங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஷொப்பிங் பேக்குக்குள் நாலாக மடித்த கடதாசி, மடிப்புக் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதைக் கையில் வாங்கும் முன்பே சீனியர் கேட்டார்: "அம்மா, மகனை எந்தக் கடதாசியில உள்ள வச்சிருக்கிறாங்க?" பார்த்தால் தண்டனைப் பிடியாணை, தண்டித்தவரைச் சிறையில் வைக்க நீதிமன்றம் கொடுக்கும் கட்டளை. அடுத்த கேள்வி, "தீர்ப்பு என்றைக்கு?" சுவர்க் கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். "இன்னும் நாள் இருக்கு. இன்றைக்கே எழுதுவம்."

அந்த இரண்டு கேள்விதான் முழு விடையும். தகுதியான நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தவருக்கு ஆட்கொணர்வு பொதுவாக வழியில்லை. அங்கே தடுப்புக்குச் சட்டப்படியான அடிப்படை இருக்கிறது. தீர்ப்பு பிழை என்றால் 14 நாளுக்குள் மேன்முறையீடு. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமே அறிவித்தல் கொடுக்கலாம், இதைப் பல குடும்பங்கள் அறியாமலே நாளைக் கடத்திவிடுகின்றன. காலம் கடந்தால் மீளாய்வு மனு, அதாவது தீர்ப்பை மேலுள்ள நீதிமன்றம் திரும்பப் பார்க்கக் கேட்பது, ஆனால் விசேட சூழ்நிலையும் தாமதத்துக்குக் காரணமும் காட்ட வேண்டும். கடைசியில் 34ஆம் உறுப்புரையின் கீழ் சனாதிபதி மன்னிப்பு.

பொலிஸ் பிடித்துப்போய் எங்கே என்றே தெரியாவிட்டால், அல்லது தடுப்புக் கட்டளையே சட்டத்துக்கு ஒவ்வாவிட்டால், அது ஆட்கொணர்வு. பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த ஆளுநர் போட்ட கட்டளைக்கு அதிகாரமில்லை என்று கண்டுதான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. லீடா வயலட் வழக்கில் காணாமல்போனவர்களின் உறவினருக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் செலவுத்தொகை கட்டளையிட்டது.

தண்டனைக்குப் பிந்திய நிவாரணத்துக்கு சிங்கராசா வழக்கை விடவேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் அவருக்கு 50 வருடச் சிறை, முக்கிய ஆதாரம் ஒப்புதல் வாக்குமூலம். மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் சொன்னது. 2006இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படிக்கும்போது மனம் கனக்கும். கதவு எங்கே மூடியது என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

அப்புறம், தமிழ் மொழிமூலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. இந்தியப் புத்தகம் வைத்துப் படித்தால் கவனம். அங்கே உயர் நீதிமன்றம் என்பது இங்கே மேல் நீதிமன்றம், இங்குள்ள உயர் நீதிமன்றம் அங்கே உச்ச நீதிமன்றம். அங்கே 32ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே ஆட்கொணர்வு மனுவோடு போகலாம். இங்கே மேன்முறையீட்டு நீதிமன்றம், இல்லையேல் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண மேல் நீதிமன்றம். இதை மாற்றி எழுதினால் எவ்வளவு அழகான விடையும் நிற்காது.

இரண்டாம் முறை எழுதப் போனபோது, கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் முதலில் எழுதியது இதுதான்: எந்தக் கடதாசி? எந்தத் திகதி?