கடல் சொறியிலிருந்து (ஜெல்லிமீன்) டிஎன்ஏ: கடலூர் குறிப்புகள்

மார்ச் 4
முதுநகர் துறைமுகத்தில் வலையிலிருந்து உதறிய சொறி ஐந்து ஐஸ் பெட்டியில் வந்தன. கிராம்பியோனெல்லா என்ற பேரினம். செத்த சொறியும் கொட்டும், கையுறை கட்டாயம். குடை போன்ற உடலின் நடுச்சதை வேண்டாம். அதில் தண்ணீர்தான் அதிகம், செல் சொற்பம். இனப்பெருக்க உறுப்பிலும் குடை விளிம்பிலும் பட்டாணி அளவு வெட்டி 95% எத்தனாலில் போட்டாயிற்று. வயிற்றுப் பக்கம் கத்தி போகக்கூடாது. தின்ற இரையின் டிஎன்ஏவும் கூடவே வந்துவிடும்.

மார்ச் 5
எத்தனாலைக் கொட்டிப் புதிதாக ஊற்றினோம். திசு விடும் தண்ணீரில் முதல் நாள் எத்தனால் நீர்த்துப்போகும். இதைத் தவறவிட்டால் ஒரு வாரத்தில் திசு கூழாகும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 7
திசுவை வடிதாளில் ஒற்றி, 50 மி.கி. பொடியாக நறுக்கியது. 600 மைக்ரோலிட்டர் சிடாப் கரைசல், அதாவது செல்லை உடைக்கும் சோப்பு வகை (சிடாப் 2%, உப்பு 1.4 மோலார், இடிடிஏ 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், பிஎச் 8), புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே 10 மைக்ரோலிட்டர் (மி.லி.க்கு 20 மி.கி.). 56 டிகிரியில் மூன்று மணி நேரம். பிறகு சம அளவு குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் (24:1), மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்து, மையவிலக்கியில் 12,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றியது.

இங்கே ஒரு சறுக்கல். இரண்டு டியூப் 4 டிகிரியில் சுற்றிவிட்டன. குளிரில் சிடாப் உறைந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது. அறை வெப்பத்தில்தான் சுற்ற வேண்டும்.

டிஎன்ஏ இருக்கும் மேல் அடுக்கை எடுக்க, நுனி வெட்டிய பிப்பெட் டிப். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐசோபுரோப்பனால். நல்ல டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரளும். நமக்கு அடியில் உட்கார்ந்தது கஞ்சி ஆடை மாதிரி ஒரு கண்ணாடி வழவழப்பு: சளியின் சர்க்கரைச் சங்கிலிகள்.

மார்ச் 8
தூய்மை பார்க்க, இரு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம்: புரத அழுக்கைக் காட்டும் 260/280 அளவு 1.85, பார்க்க அழகு. சர்க்கரை, உப்பு போன்ற அழுக்கைக் காட்டும் 260/230 வெறும் 0.7. முதல் எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது, பிசிஆரை (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் வினை) முடக்குவது இரண்டாவது எண் காட்டும் அழுக்கு. பிசிஆரில் ஒன்றும் வரவில்லை. 20 மடங்கு நீர்த்ததும் ஜெல்லில் மங்கலாக ஒரு பட்டை.

மார்ச் 10
அந்த டிஎன்ஏவை மீண்டும் கரைத்து, பாதி அளவு 5 மோலார் உப்புக் கரைசல், பிறகு இருமடங்கு குளிர்ந்த எத்தனால். உப்பு மிகுந்தால் சர்க்கரை கரைசலிலேயே தங்கும், டிஎன்ஏ மட்டும் விழும். 70% எத்தனாலில் இரண்டு முறை கழுவாவிட்டால் அந்த உப்பே அடுத்த தொல்லை. ஆயத்தக் கிட் வாங்கினாலும் இந்தச் சளி அதன் வடிகுழலை (column) அடைக்கும்.

260/230 இப்போது 1.9. பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளாக 1994இல் வந்த ஃபோல்மர் பிரைமர்கள், ஒட்டும் வெப்பம் 48 டிகிரி. 700 கார இணைகளை (டிஎன்ஏ நீள அலகு) ஒட்டி ஒரே பட்டை, பளிச்சென்று.