கண்ணுசாமியின் கண்டி

நேத்து மகளோடு கண்டி போயிருந்தேன். புத்தரின் பல் வச்சிருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் மகுல் மடுவ இருக்குல்ல, 1815 மார்ச் 2இல் கண்டி ராச்சியத்தை வெள்ளைக்காரன் கைக்கு மாத்திய கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அரச சபை மண்டபம், அங்கேதான் ரொம்ப நேரம் நின்னோம். மரத்தூணில் செதுக்கிய தாமரை இதழை அவள் விரலால் தடவிக்கிட்டே, "இங்க ராஜா இருந்தாராப்பா?" என்று கேட்டாள்.

இருந்தாரும்மா. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். முடிசூடுவதற்கு முன் பேரு கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி. வெள்ளைக்காரங்க அவரைப் பிடிச்சு தமிழ்நாட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வச்சாங்க, 1832இல் அங்கேயே காலமானார்.

அவர் கட்டிய எட்டுமூலை மண்டபமான பத்திரிப்புவவை வெள்ளைக்காரன் சிறையாக்கினான். இப்போ அதில் ஓலைச்சுவடிகள். கைதிகளை அடைத்த இடத்தில் ஏடுகள் இருப்பதை நினைச்சா மனசு நிறையுது. அரசிகள் குளித்த உல்பெங்கே பிறகு நூலகம், அப்புறம் பொலிஸ் நிலையம். அரசன் வசித்த பகுதி அரசாங்க அதிபரின் இல்லமாகி, இன்று தொல்பொருள் அருங்காட்சியகம்.

இத்தனை வருசம் கண்டி டவுனுக்கு சாமான் வாங்க மட்டும்தான் வந்து போனோம். மலையகப் பிள்ளைகளை ஒருதரமாவது அந்தத் தூண்களுக்குக் கிட்ட கூட்டிட்டுப் போங்க.