புது பேட்டரி போட்டும் கிளம்பாத வேன்

பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளை விடியற்காலை எப்படி இருக்கும் என்று இங்கே வாகனம் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அப்படி ஒரு காலையில், 5.40க்கு, ஸ்கூல் வேன் சாவியைத் திருப்பினேன். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் லைட் வந்து அணைந்தது. ஸ்டார்ட்டர் ஒரு தடவை முக்கி இழுத்துவிட்டு அப்படியே நின்றது. மறுபடி திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேல் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள் என்ற நினைப்பிலேயே எனக்குக் கை ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மரக்கறி லொறி ஓட்டுகிறார். ஜம்பர் வயரோடு வந்தார். சிவப்பை என் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார், கறுப்பை எஞ்சினில் இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டினார். அப்படி மாட்டுவதுதான் முறையும்கூட. பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்காது. சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் வேன் கிளம்பியது. "பேட்டரி செத்துப் போச்சு தம்பி, நாலு வருஷமாச்சே" என்றார். நானும் அப்படியே நம்பினேன். அந்தக் கறுப்புக் கிளிப்பை அவர் எங்கே மாட்டினார் என்பதை மட்டும் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.

பகல் நேரத்தில் வேன் எந்தக் குறையும் இல்லாமல் கிளம்பியது. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே பேட்டரியைக் கழற்றினேன். மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் வேனின் இரும்பு உடம்பில் பட்டால், கையிலேயே வெல்டிங் நடக்கும். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் கழுவினேன். மூடி ஓட்டைக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதின் விலையில் கழிப்பார்கள் என்பதால் உரப்பைக்குள் நிமிர்த்தி வைத்து, பஸ்ஸில் நுவரெலியா டவுனுக்குக் கொண்டுபோனேன். கிட்டத்தட்ட 17 கிலோ. "அசிட் கொட்டுமே" என்று கொண்டக்டர் முகம் சுளித்தார். வழி முழுக்க அதைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டே போனேன்.

பழைய பேட்டரியில் 65D26L என்று இருந்தது. கடைகளில் NS70L என்பதும் இதே அளவுதான். D என்பது அகலம், உயரத்துக்கான குறி. 26 என்பது நீளம், சென்றிமீற்றரில். கடைக்காரர் முதலில் N70 எடுக்கச் சொன்னார், குளிருக்கு நல்லதாம். அது 31 சென்றிமீற்றர் நீளம், என் வேன் தட்டில் உட்காராது. வேண்டாம் என்றேன். அவ்வளவு கவனமாக இருந்த நான் கடைசி எழுத்தைப் பார்க்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, கடைசி பஸ் அவசரம். பையன் கட்டிக் கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் டோர்ச் வெளிச்சத்தில் தட்டில் வைத்தால் பிளஸ் வயர் எட்டவில்லை. அரை முழம் குறைகிறது. ஸ்டிக்கரைப் பார்த்தேன்: NS70R.

இந்த L, R விஷயத்தை ஒரு தடவை மனதில் பதிய வைத்துக்கொண்டால் போதும். டெர்மினல் இரண்டும் உங்கள் பக்கம் வருகிற மாதிரி பேட்டரியை வையுங்கள். மைனஸ் இடது கைப் பக்கம் இருந்தால் L, வலது கைப் பக்கம் இருந்தால் R. சின்னக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. NS60L என்றால் டெர்மினல் மெல்லிசு, NS60LS என்றால் தடிப்பு. மாறி வாங்கினால் கிளாம்ப் ஒன்று ஏறாது, இல்லையென்றால் ஆடும்.

"பேட்டரியைத் திருப்பி வைச்சா வயர் எட்டும்" என்று தம்பி சொன்னான். எட்டும்தான். ஆனால் என் வேனில் பேட்டரி முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. திருப்பினால் பிளஸ் டெர்மினல் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு நேர் கீழே வரும். இடையில் ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. தோட்டத்து ரோட்டில் ஒரு குழியில் இறங்கினால் சீட் கீழே அமுங்கி, இரும்பு பிளஸ்ஸில் தொடும். பின்னால் 14 பிள்ளைகள். செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பிள்ளைகளை அண்ணனின் சொந்தக்காரர் வேனில் ஏற்றிவிட்டு, அதே 17 கிலோவோடு மறுபடி பஸ். "டெர்மினலில் கீறல் இருக்கு, மாத்தித் தர முடியாது" என்று கடைப் பையன் ஒரே பேச்சாகச் சொன்னான். முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. இன்னொரு நாள் ஓட்டத்தை நான் எங்கே போய் எடுப்பேன்? பில்லை விரித்துப் பார்த்தேன். அவன் கையாலேயே எழுதியிருந்தான்: NS70L. "தம்பி, பில்லில இருக்கிறத நான் கேக்கிறேன், நீங்க குடுத்தது வேற" என்று பில்லையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாளிக்கு ஃபோன் போட்டான். ரெண்டு நிமிஷத்தில் L வந்தது.

அன்றைக்கு நான் விடவில்லை. தயாரித்த திகதியைப் பார்த்தேன், பேட்டரி பாரம் தாங்குமா என்று லோட் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொன்னேன், வொறன்டி கார்டில் சீரியல் நம்பர், திகதி, கடை சீல் மூன்றும் விழும் வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. சீல் இல்லாத கார்டு வெறும் காகிதம். பில்லில் கடைசி எழுத்து வரைக்கும் எழுதச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு எழுத்துதான்.

வீட்டில் மாட்டி, இறுக்கும் கம்பியையும் போட்டு முடுக்கினேன். பேட்டரி ஆடினால் எங்கள் ரோட்டில் அதற்குள்ளே இருக்கும் ஈயத் தகடு உடைந்துவிடும். பின்னேரம் பூப்போலக் கிளம்பியது.

அடுத்த நாள் காலை 5.40. அதே முக்கல். அதே 'டக்'.

சீட்டில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. பிறகுதான் கவனித்தேன், சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி செத்திருந்தால் லைட் சுருங்கியிருக்க வேண்டும்.

ராகலையில் லொறி வயரிங் செய்கிற மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார். ஃபோனில் சொன்னதும் மீட்டரோடு வந்தார். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், அது நிறைந்த பேட்டரி. "இப்ப ஸ்டார்ட் அடிங்க" என்றார். ஸ்டார்ட்டர் முக்கும்போதும் 11.4. நல்ல பேட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது என்பார்கள். என்னுடையது அந்தப் பக்கமே போகவில்லை. பேட்டரிக்கு வேலையே போகவில்லை என்று அர்த்தம். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ்ஸில், மற்றதை எஞ்சினில் வைத்தார். "அடிங்க." 2 வோல்ட்டுக்கு மேலே காட்டியது. அரை வோல்ட்கூட காட்டக் கூடாத இடம் அது.

கோளாறு, பேட்டரி மைனஸ்ஸிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஏர்த் வயர். மேலே டேப் சுற்றி நன்றாகத்தான் இருந்தது. பாஸ் டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது. விரலால் தேய்த்தார், மாவாக உதிர்ந்தது. பகலில் எஞ்சின் ஒயில் இளகியிருப்பதால் அந்த நாலைந்து இழை வழியாக வருகிற கரண்டே போதும். விடியற்காலையில் ஒயில் கெட்டி, அதிக கரண்ட் வேண்டும், வழியில்லை. ஹெட்லைட்டுக்கு ஏர்த் வேனின் இரும்பு உடம்பிலிருந்து தனியாக வருவதால் மங்கவில்லை. அண்ணன் கறுப்புக் கிளிப்பை எஞ்சினில் மாட்டியதும் ஏன் ஒரே இழுப்பில் கிளம்பியது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த வயரைத் தாண்டி நேராக எஞ்சினுக்கே அவர் வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தடித்த செம்பு வயரில் ரெண்டு பக்கமும் லக் (போல்ட் மாட்டும் வளைய முனை) அடித்து, எஞ்சினில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினார். அரை மணித்தியால வேலை. பேட்டரி விலையோடு வைத்துப் பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

"அப்ப பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சா பாஸ்?"

"நாலு வருஷம் ஓடினது. அளந்து பாக்காம நான் என்னத்த சொல்ல தம்பி?"

அளக்க அது என்னிடம் இல்லை. கடையில் அதை நிறுத்து விலையில் கழித்தாகிவிட்டது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அந்த வாரமே சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வேனில் போட்டுவிட்டேன். எஞ்சின் ஓடும்போது 14.1 காட்டுகிறது. 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் சார்ஜிங் சரி. இன்றைக்குக் காலையும் புல்லில் பனி வெள்ளையாக இருந்தது. 5.40க்குத் திருப்பினேன், முதல் இழுப்பிலேயே கிளம்பியது. 5.55க்கு மேல் லயத்தில் நின்றேன்.