கால்கரி குளிரும் நம்ம டிரெய்லரும்

கனடாவுல கால்கரில செட்டிலாகி ஒரு பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு) வாங்கினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, வின்டருக்கு ரெடியாகுறதுன்னா நமக்கு ஜாக்கெட், பூட்ஸ் வாங்குறதோட முடியாதுன்னு. அக்டோபர் ரெண்டாவது திங்கள் இங்க தேங்க்ஸ்கிவிங், அந்த லாங் வீக்கெண்டுக்கு கானனாஸ்கிஸ் மலைப் பக்கம் கடைசியா ஒரு கேம்பிங் போயிட்டு வந்து நிறைய பேர் வண்டிய மூடிடுவாங்க.

பலரும் குளிருக்கு பயப்படுறாங்க, ஆனா காலி பைப்ப மைனஸ் 30 ஒண்ணும் பண்ணாது, உள்ள மிச்சம் நிக்கற தண்ணிதான் வில்லன். உறையும்போது அது சுமார் 9 சதவீதம் பெருகும், பம்பு, டாய்லெட் வால்வு, குழாய்னு எதையாவது பொளந்துடும், அதுவும் ஜனவரில தெரியாது, சம்மர்ல ஹோஸ் மாட்டி தண்ணி திறந்து விட்டா தரை நனையும் பாருங்க அப்பதான் தெரியும்.

அதனால முதல்ல கழிவு கொட்டற டம்ப் ஸ்டேஷன் போய் பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவு), அப்புறம் கிரே டேங்க் (சிங்க், ஷவர் தண்ணி) ரெண்டையும் காலி பண்ணணும் (மூக்க மூடிக்கிட்டு பண்ற வேலை, அதப்பத்தி இவ்வளவு போதும்). வாட்டர் ஹீட்டர ஆஃப் பண்ணி நல்லா ஆற விட்டு பிரஷர ரிலீஸ் பண்ணிட்டுதான் தண்ணி வடியற பிளக்க கழட்டணும், சூட்டோட கழட்டினா கை வெந்துடும். அப்புறம் ஹீட்டருக்குள்ள போகாம சுத்தி விடற பைபாஸ் வால்வ திருப்பணும், இல்லேன்னா பைப்பு உறையாம இருக்க நாம ஊத்துற ஆன்டிஃப்ரீஸ்ல 20 லிட்டருக்கு மேல அந்த ஹீட்டரே குடிச்சிடும்.

ஆன்டிஃப்ரீஸ்னா கார்ல ஊத்துறது இல்லங்க, அது எத்திலீன் கிளைக்கால், விஷம். இதுக்குன்னே பிங்க் கலர்ல வர்ற புரோப்பிலீன் கிளைக்கால்தான் வாங்கணும். பம்பு அத உறிஞ்சும், ஒவ்வொரு டேப்பா சூடு பக்கம், குளிர் பக்கம் ரெண்டும் திறந்து பிங்க் வர்ற வரைக்கும் விடணும், ஷவர், டாய்லெட், வெளியில இருக்கற ஷவர் எதையும் விடக்கூடாது. "என்னங்க, பைப்புல ரோஸ்மில்க் வருது"ன்னு வீட்டம்மா உள்ளேருந்து கத்துவாங்க, அதான் சிக்னல். சிங்க் ஓட்டையிலயும் கொஞ்சம் ஊத்திடணும், கீழ வளைவுல தண்ணி நிக்கும்ல. சில பேர் கம்ப்ரஸர்ல காத்த அடிச்சு ஊதினா போதும்னு சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, பம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கறத காத்து முழுசா தள்ளாது.

பேட்டரிய கழட்டி வீட்டுக்கு கொண்டு வந்துடுவேன். லெட் ஆசிட் பேட்டரி ஃபுல் சார்ஜ்ல மைனஸ் 50 வரைக்கும் தாங்கும், சுத்தமா இறங்கினது மைனஸ் 10லயே உறைஞ்சிடலாம்.

அடுத்தது எலி. ரவை, சாம்பார் பொடி, டப்பால ஒட்டியிருக்கற சர்க்கரை எல்லாம் வெளிய போயாகணும், பைப்பு நுழையற ஓட்டையில ஸ்டீல் வூல் திணிக்கணும். கோக் கேனும் விடாதீங்க, அதுவும் உறைஞ்சு வெடிக்கும்.

நடுவுல சினூக்னு மலைப் பக்கத்துலேருந்து வர்ற சூடான காத்து அடிச்சு மைனஸ் 20ல இருந்து ப்ளஸ்க்கு ஏறினா "ஸ்பிரிங் வந்துடுச்சு"ன்னு ஆசை வரும். இங்க மே லாங் வீக்கெண்டுக்கே ஸ்னோ கொட்டும், அது வரைக்கும் நான் பைப்புல கைய வைக்கறதில்ல.