வீட்டில் எத்தனை படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் அரசு மருத்துவமனையின் விபத்து வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் எழுதிய பிறகும் கட்டிலிலேயே கிடப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த தாத்தா ஒருவர். மினிபஸ் டாக்ஸி மோதித் தொடை எலும்பு முறிந்து, உள்ளே ராட் வைத்தார்கள். 8ஆம் நாளே போகலாம் என்றார்கள். போனது 37ஆம் நாள்.

காரணம் படிக்கட்டு. அவர் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த காலத்தில், அங்கிருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். அப்படி வந்து சேர்ந்த மாடி வீட்டில்தான் இன்றும் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. மகளுக்கோ நைட் ஷிஃப்ட். கீழ்த்தளத்தில் இடம் தேடுவது, வாக்கர், வண்டி, சோஷியல் வொர்க்கர் என்று எல்லாமே 8ஆம் நாளுக்கு அப்புறம்தான் தொடங்கின.

முதல் வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தவர் அவர். "போகலாம்" என்று எழுதியதும் எல்லோர் கவனமும் புதிதாக வந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. என் கவனமும்தான். மூன்றாம் வாரம் சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலில் ஐந்து ரேண்ட் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. வெளுத்துச் சிவந்தால் தேவலை. வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தொடையும் வற்றியிருந்தது. வயதானவர்கள் பத்து நாள் படுத்தே கிடந்தால் கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்துவிடும்.

அதைவிட மனசு. இரவில் டிராலி உருளும் சத்தம் கேட்டாலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். "அந்த டாக்ஸியே திரும்ப வர்ற மாதிரி இருக்கும்மா" என்றார். அடிபட்டவர் தேற வேண்டிய இடத்தில், தினமும் புதிதாக அடிபட்டு வருகிறவர்களின் அலறலைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். கீழே அவசரப் பிரிவிலோ கட்டில் கிடைக்காமல் டிராலியிலேயே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள்.

வாக்கரோடு போக வேண்டியவர், கடைசியில் வீல்சேரில் போனார்.

இப்போதெல்லாம் காலைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஆயா, வலியோடு விரல்விட்டு எண்ணி, "பதினாலும்மா, கைப்பிடி கிடையாது" என்றார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே, அன்று சாயங்காலமே சோஷியல் வொர்க்கர் அவர் மகனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்.